நிலையான நெஞ்சுவலி: இதயப் படமெடுப்புச் சோதனையைத் தேர்ந்தெடுத்தல்

நிலையான நெஞ்சுவலி என்பது, படி ஏறுதல், வேகமாக நடத்தல், சுமை தூக்குதல் போன்ற உழைப்பின்போது தோன்றி, ஓய்வெடுத்ததும் சில நிமிடங்களில் தணிந்து, வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ ஏறத்தாழ ஒரே அளவில் திரும்பத் திரும்ப வரும் வலியாகும். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டு செல்லும் கரோனரி தமனிகள் கொழுப்புப் படிவால் குறுகுவது இதற்கு முதன்மைக் காரணம். மருத்துவத்தில் இதனை ஆஞ்சைனா என்றும், தமிழில் மார்பு நெரிப்பு என்றும் அழைக்கின்றனர். இலண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் 1768இல் ஆற்றிய உரையில் இந்நோயை விவரித்தார். அவர் சொன்ன அடையாளங்கள் இன்றும் மாறவில்லை. காரணத்தை உறுதி செய்ய இன்று கிடைக்கும் சோதனைகள்தான் பெருகியுள்ளன: டிரெட்மில், எக்கோ, சி.டி. ஆஞ்சியோகிராம், அணு மருத்துவ ஸ்கேன், எம்.ஆர்.ஐ., குழாய்வழி ஆஞ்சியோகிராம்.

இவற்றுள் எது யாருக்கு என்பதே இக்கட்டுரையின் பொருள். கோவை, சென்னை போன்ற நகரங்களில் எல்லாக் கருவிகளும் ஒரே கட்டடத்தில் இருக்கலாம். அமராவதிக் கரையில் உள்ள தாராபுரத்துக்காரருக்கு அப்படியில்லை. பொதுவாக இ.சி.ஜி.யும் ரத்தப் பரிசோதனையும் இத்தகைய ஊர்களிலேயே முடிந்துவிடும். உயர்நிலைச் சோதனைகளுக்கு ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவிலுள்ள திருப்பூருக்கோ, 80 கி.மீ. தொலைவிலுள்ள கோவைக்கோ செல்ல வேண்டும். ஆகவே முதலில் பார்க்கும் மருத்துவர் எழுதித் தரும் சீட்டில் எந்தச் சோதனை இருக்கிறது என்பது, ஒரு குடும்பத்தின் இரண்டு நாள் கூலியையும் சில ஆயிரம் ரூபாயையும் சார்ந்த செய்தி. சில வேளைகளில் உயிரையும் சார்ந்தது.

ஒரு எச்சரிக்கையை முதலிலேயே சொல்ல வேண்டும். ஓய்வில் இருக்கும்போதே தொடங்கி 15 அல்லது 20 நிமிடங்களுக்கு மேல் நீடிக்கும் வலி, வியர்வை, மயக்கம், மூச்சுத்திணறல் சேர்ந்த வலி, அண்மை நாட்களில் அடிக்கடி வரத் தொடங்கிய வலி ஆகியன நிலையான நெஞ்சுவலி அல்ல. அவை மாரடைப்பாக இருக்கலாம். அப்போது ஸ்கேனைத் தேர்ந்தெடுக்கும் பேச்சுக்கு இடமில்லை. 108ஐ அழைக்க வேண்டும்.

வலியை விசாரித்தல்

எந்தக் கருவியையும் விட அதிகம் சொல்வது நோயாளியின் வாய்மொழிதான். கொங்கு வட்டாரத்தில் மார்பு நெரிப்பு உள்ளவர் "வலி" என்ற சொல்லைப் பெரும்பாலும் சொல்வதில்லை. நெஞ்சு அடைக்கிறது, பாரம் வைத்தாற்போல் இருக்கிறது, கரிக்கிறது, வாயு பிடித்துக்கொண்டது என்பார். "நெஞ்சு வலிக்கிறதா?" என்று கேட்டால் "இல்லை" என்ற விடை வந்துவிடும். "என்ன வேலை செய்தால் வருகிறது, என்ன செய்தால் போகிறது?" என்று கேட்பதே பயன் தரும்.

மருத்துவர்கள் மூன்று அடையாளங்களைத் தேடுகின்றனர். நெஞ்சின் நடுவில் அழுத்தமாக இருந்து கழுத்து, தாடை, தோள், கை ஆகியவற்றுக்குப் பரவுதல். உழைப்பாலோ மன உளைச்சலாலோ தூண்டப்படுதல். ஓய்வாலோ நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையாலோ ஐந்து நிமிடங்களுக்குள் தணிதல். மூன்றும் இருந்தால் அது முழுமையான மார்பு நெரிப்பு. இரண்டு இருந்தால் பாதி ஒத்தது. ஒன்றோ, ஒன்றுமில்லாமலோ இருந்தால் இதயம் காரணமாக இருக்கும் வாய்ப்பு குறைவு. ஒற்றை விரலால் சுட்டிக்காட்டக்கூடிய வலி, நொடிப்பொழுதில் குத்தி மறையும் வலி, நாள் முழுவதும் விடாத வலி, அழுத்தினால் கூடும் வலி ஆகியன பெரும்பாலும் தசை, விலா எலும்பு சார்ந்தவை. பவர் டேபிள் முன் ஒரு ஷிப்டு முழுவதும் குனிந்து தைப்பவருக்குத் தோளும் விலாவும் வலிப்பதில் வியப்பில்லை.

இதற்கு விதிவிலக்குகள் உண்டு. நீண்டநாள் சர்க்கரை நோயாளிக்கு வலியே தெரியாமல் மூச்சு வாங்குவது மட்டும் அடையாளமாக இருக்கலாம். பெண்களிடமும் முதியவர்களிடமும் சோர்வு, ஏப்பம், மேல்வயிற்று இறுக்கம் என வேறு உருவில் வரலாம். "வாயுதான்" என்று சோடா குடித்துக் காலம் கடத்துவது இங்கே அன்றாடம் நடக்கிறது. உணவுக்குப் பின் நடக்கும்போது வந்து, நின்றால் போகும் "வாயு"வை இதயமாகவே முதலில் எண்ண வேண்டும்.

சோதனைக்கு முந்தைய வாய்ப்பு

வயது, பாலினம், வலியின் தன்மை ஆகியவற்றை வைத்து, தமனி அடைப்பு இருக்கும் வாய்ப்பை மதிப்பிடும் முறையை டயமண்ட், ஃபாரஸ்டர் ஆகிய அமெரிக்க மருத்துவர்கள் 1979இல் வெளியிட்டனர். 50 முதல் 59 வயதுள்ள ஆணுக்கு முழுமையான மார்பு நெரிப்பு இருந்தால், நூற்றுக்கு 92 பேருக்கு அடைப்பு இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. 2019இல் ஐரோப்பிய இதயவியல் கழகம் அதே வகை நோயாளிக்குக் கொடுத்த எண் 32 மட்டுமே. பழைய கணக்கு, ஏற்கெனவே ஐயம் வலுத்து ஆஞ்சியோகிராமுக்கு அனுப்பப்பட்டவர்களைப் பெரிதும் சார்ந்தது. இன்று சோதனைக்கு வருவோர் கூட்டம் வேறு.

இந்த எண்கள் மேற்கத்திய மக்களிடமிருந்து வந்தவை. அவற்றை அப்படியே கொங்கு நாட்டுக்கு எடுத்துவர முடியாது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53 எனவும், பிற நாட்டவர்க்கு ஏறத்தாழ 59 எனவும் 2007இல் வெளியான பகுப்பாய்வு காட்டியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆய்வு 2023இல் வெளியானபோது, தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. எனவே இங்குள்ள மருத்துவர், அட்டவணை சொல்லும் எண்ணைச் சற்று உயர்த்தியே எண்ண வேண்டும். 2024இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதலும் புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை, குடும்ப வரலாறு ஆகியவற்றைச் சேர்த்தே வாய்ப்பை மதிப்பிடச் சொல்கிறது.

இந்த மதிப்பீடு ஏன் இவ்வளவு தேவை? ஒரு கணக்கைப் பார்ப்போம். டிரெட்மில் இ.சி.ஜி., அடைப்பு உள்ளவர்களில் நூற்றுக்கு 58 பேரைக் கண்டுபிடிக்கும். அடைப்பு இல்லாதவர்களில் 62 பேரை மட்டுமே சரியாக விடுவிக்கும் என்று வைத்துக்கொள்வோம் (ஐரோப்பிய வழிகாட்டுதல் தந்த எண்கள் இவை). நோய் வாய்ப்பு 5 விழுக்காடு மட்டும் உள்ள 1,000 இளவயதினரை ஓடவிட்டால், உண்மையில் நோயுள்ள 50 பேரில் 29 பேர் பிடிபடுவர். நோயற்ற 950 பேரில் 361 பேருக்கும் "பாசிட்டிவ்" என்று வரும். அதாவது பாசிட்டிவ் வந்த 390 பேரில் 29 பேருக்கே நோய். மீதமுள்ளோர் அச்சத்துடன் கோவைக்குப் பேருந்து ஏறுவர். சிலர் தேவையின்றி ஆஞ்சியோகிராம் மேசையில் படுப்பர். மறுபுறம், நோயுள்ள 21 பேர் "நார்மல்" என்ற தாளுடன் வீடு திரும்புவர். இங்கே கருவியில் பழுது எதுவும் இல்லை. ஆளைத் தேர்ந்தெடுத்ததில்தான் தவறு.

இதனால் 5 விழுக்காட்டுக்குக் குறைவான வாய்ப்புள்ளவருக்கு எந்தப் படமும் எடுக்காமல் வேறு காரணத்தைத் தேடுவதே முறை என இன்றைய வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. 5 முதல் 50 வரை உள்ளவர்க்கு சி.டி. ஆஞ்சியோகிராம் முதன்மையாகப் பொருந்தும். 15 முதல் 85 வரை உள்ளவர்க்கு ரத்த ஓட்டத்தைக் காட்டும் செயல்பாட்டுச் சோதனைகளும் பொருந்தும். 85ஐத் தாண்டினால் நேரடியாகக் குழாய்வழி ஆஞ்சியோகிராமை எண்ணலாம்.

எல்லோருக்கும் உரிய முதற்படி

ஓய்வுநிலை இ.சி.ஜி. நார்மலாக இருப்பது அடைப்பு இல்லை என்பதற்குச் சான்று அன்று. உட்கார்ந்திருக்கும்போது இதயத்துக்குத் தேவைப்படும் ரத்தம் குறைவு. குறுகிய தமனியும் அதைக் கொடுத்துவிடும். "இ.சி.ஜி., எக்கோ ரெண்டும் நார்மல், பயமில்லை" என்ற பேச்சு பலரை ஏமாற்றியிருக்கிறது. ஆயினும் இவ்விரண்டும் தேவை. பழைய மாரடைப்பின் தழும்பு, இதயத்தின் அழுத்துதிறன், வால்வு நோய் ஆகியவற்றை இவை காட்டும். பெருந்தமனி வால்வு கடுமையாகச் சுருங்கியவருக்கும் உழைப்பில் நெஞ்சு அடைக்கும். அவரை எக்கோ பார்க்காமல் டிரெட்மில்லில் ஓடவிடுவது ஆபத்து. ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டாலே ஐயம் எழும் நோய் இது.

ரத்தத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை, கொழுப்பு, கிரியேட்டினின், தேவையெனில் தைராய்டு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கடுமையான ரத்தசோகையே மார்பு நெரிப்பை உண்டாக்க வல்லது. கிரியேட்டினின் அளவு தெரியாமல் சி.டி. ஆஞ்சியோகிராமுக்கு அனுப்பினால், மையத்தில் ஊசி போட மறுத்துத் திருப்பி அனுப்பக்கூடும். ஒரு பயணம் வீண்.

உருவத்தைக் காட்டுபவை, ஓட்டத்தைக் காட்டுபவை

படமெடுப்புச் சோதனைகள் இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்கின்றன. தமனியின் சுவரில் படிவு இருக்கிறதா, எவ்வளவு அடைத்திருக்கிறது என்பது முதற்கேள்வி, இதற்கு சி.டி. விடை சொல்லும். அந்த அடைப்பால் இதயத் தசைக்கு உழைப்பின்போது ரத்தம் குறைகிறதா என்பது இரண்டாவது கேள்வி. இதற்கு ஸ்ட்ரெஸ் எக்கோ, அணு ஸ்கேன், எம்.ஆர்.ஐ. ஆகியன விடை சொல்லும். வாய்க்காலில் மண் மேடிட்டிருப்பதைப் பார்ப்பது ஒன்று. கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பது வேறொன்று.

சி.டி. ஆஞ்சியோகிராம்: கை ரத்தக்குழாயில் அயோடின் கலந்த மருந்தைச் செலுத்தி, சில நொடிகளில் இதயத் தமனிகளைப் படம் பிடிப்பது. 64 வரிசைக் கருவிகள் 2004 அளவில் வந்தபின் இது பரவலாயிற்று. இதன் பெரும் வலிமை, "இல்லை" என்று சொல்வதில் உள்ளது. தமனிகள் தெளிவாக இருந்தால் அடைப்பு இல்லை என்பதைப் பெரும்பாலும் நம்பலாம். "இருக்கிறது" என்று சொல்லும்போது சற்று மிகைப்படுத்தும். சுண்ணாம்புப் படிவு மிகுந்த தமனியில் அடைப்பு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 60 முதல் 65க்குள் இருந்தால்தான் படம் தெளிவாக வரும் என்பதால், மெட்டோபுரோலால் போன்ற மாத்திரை கொடுக்கப்படும். ஆஸ்துமா உள்ளவர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். நைட்ரேட்டும் கொடுப்பார்கள் என்பதால், ஆண்மைக் குறைவுக்கு மாத்திரை எடுப்பவர் கூச்சமின்றிச் சொல்லிவிட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். கதிர்வீச்சு இன்றைய நல்ல கருவிகளில் 3 முதல் 5 மில்லிசீவர்ட் அளவே. இயற்கையிலிருந்தே ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் பெறுகிறார்.

இதன் மதிப்பை நிலைநாட்டியது ஸ்காட்லாந்தில் 4,146 நோயாளிகளிடம் நடந்த ஸ்காட்ஹார்ட் ஆய்வு. வழக்கமான சிகிச்சையுடன் சி.டி. எடுக்கப்பட்ட பிரிவில், ஐந்து ஆண்டுகளில் இதயநோய் மரணமோ மாரடைப்போ கண்டவர் 2.3 விழுக்காடு, எடுக்காத பிரிவில் 3.9 விழுக்காடு. சி.டி. எடுத்தவர்களுக்கு ஸ்டென்ட் அதிகம் வைக்கப்பட்டதால் வந்த பயன் அன்று இது. ஐந்தாண்டு முடிவில் அந்த எண்ணிக்கை இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒன்றே. பாதி அடைப்பாகக்கூட இல்லாத படிவைப் படத்தில் பார்த்ததும் ஸ்டாட்டின், ஆஸ்பிரின் தொடங்கப்பட்டதே காரணம் எனக் கருதப்படுகிறது. ஆனால் அமெரிக்காவில் 10,003 பேரிடம் நடந்து 2015இல் வெளியான பிராமிஸ் ஆய்வில், சி.டி.க்கும் செயல்பாட்டுச் சோதனைகளுக்கும் இடையே விளைவில் வேறுபாடு இல்லை. ஆகவே சி.டி. கிடைக்காத ஊரில் நல்ல ஸ்ட்ரெஸ் எக்கோ செய்துகொண்டவர் எதையோ இழந்துவிட்டதாக எண்ண வேண்டியதில்லை.

ஸ்ட்ரெஸ் எக்கோ: ஓடவிட்டோ டோபுட்டமின் மருந்து செலுத்தியோ இதயத்தை உழைக்க வைத்து, எந்தச் சுவர் தளர்கிறது என்று ஒலி அலையால் பார்ப்பது. கதிர்வீச்சு இல்லை, அயோடின் இல்லை, செலவும் குறைவு. பார்ப்பவரின் கண்ணையும் பழக்கத்தையும் முழுக்கச் சார்ந்திருப்பது இதன் குறை. உடல் பருத்தவர், நெடுநாள் நுரையீரல் நோயாளி ஆகியோரிடம் படம் மங்கும். பழகிய ஒரு மருத்துவர் இருந்தால், சிறு நகரங்களுக்கு இதைவிடப் பொருத்தமான சோதனை வேறில்லை. இருந்தும் இது மிகக் குறைவாகவே எழுதப்படுகிறது.

அணு மருத்துவ ஸ்கேன்: டெக்னீசியம் கலந்த மருந்து இதயத் தசையில் எங்கே சேர்கிறது என்பதைக் காமா கேமரா படம் பிடிக்கிறது. டெக்னீசியத்தின் அரை ஆயுள் ஆறு மணி நேரம்தான் என்பதால், கருவியும் தொடர்ந்து வரும் மருந்து விநியோகமும் உள்ள பெருநகர மையங்களிலேயே இது இயலும். அடினோசின் கொடுத்துச் செய்வதாக இருந்தால், 12 முதல் 24 மணி நேரம் வரை காபி, டீ கூடாது. பேருந்து நிலையத்தில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டுப் போனவர், அன்றைய சோதனையை இழக்க நேரும். மூன்று தமனிகளும் சம அளவில் அடைத்திருந்தால் படம் சீராகத் தோன்றி ஏமாற்றுவதும் உண்டு.

எம்.ஆர்.ஐ. மூலமும் ரத்த ஓட்டத்தைப் பார்க்கலாம்; தெளிவு மிகுதி, கதிர்வீச்சு இல்லை. ஆனால் இதயத்துக்கான மென்பொருளும் படம் படிக்கத் தெரிந்தவரும் உள்ள மையங்கள் சிலவே.

டிரெட்மில் இ.சி.ஜி. படமெடுப்புச் சோதனை அன்று. எளிதாகக் கிடைப்பதால் முதல் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஒருவர் எவ்வளவு நேரம் ஓட முடிகிறது, ரத்த அழுத்தம் எப்படி ஏறுகிறது என்பவற்றை அது நன்றாகச் சொல்லும். அடைப்பு உண்டா இல்லையா என்ற தீர்ப்பை அதனிடம் விடுவது சரியன்று.

குழாய்வழி ஆஞ்சியோகிராம்

கை அல்லது தொடைத் தமனி வழியாக நுண்குழாயைச் செலுத்தி எடுக்கும் இப்படம், 1958இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் தற்செயலாகப் பிறந்தது. மேசன் சோன்ஸ் பெருந்தமனியைப் படமெடுக்க முயன்றபோது, குழாய் நழுவி மருந்து கரோனரி தமனிக்குள் பாய்ந்துவிட்டது, நோயாளி பிழைத்துக்கொண்டார், புதுமுறை ஒன்று கிடைத்தது. மாத்திரைக்கு அடங்காத கடும் வலி, பலவீனமான இதயம், மிக உயர்ந்த நோய் வாய்ப்பு ஆகியவற்றில் இதுவே முதல் சோதனையாகலாம். இடைநிலை வாய்ப்புள்ள 3,561 பேரிடம் ஐரோப்பாவில் நடந்து 2022இல் வெளியான டிஸ்சார்ஜ் ஆய்வு, சி.டி.யில் தொடங்கியவர்களுக்கும் நேரே குழாயில் தொடங்கியவர்களுக்கும் பின்விளைவு ஒத்திருந்ததையும், செயல்முறை சார்ந்த பெரும் சிக்கல்கள் சி.டி. பிரிவில் 0.5 விழுக்காடு, குழாய்ப் பிரிவில் 1.9 விழுக்காடு என இருந்ததையும் காட்டியது.

இங்கே நோயாளியின் குடும்பம் முன்பே அறிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆஞ்சியோகிராம் எடுத்த கையோடு, "ஒரு அடைப்பு இருக்கிறது, இப்போதே ஸ்டென்ட் வைத்துவிடலாமா?" என்று வெளியே காத்திருப்பவர்களிடம் கேட்கப்படலாம். மாரடைப்பில் அது உயிர் காக்கும் அவசரம். நிலையான நெஞ்சுவலியில் அந்த அவசரம் பெரும்பாலும் இல்லை. இந்தியா உட்பட 37 நாடுகளில் 5,179 பேரிடம் நடந்து 2020இல் வெளியான இஸ்கீமியா ஆய்வில், முதலிலேயே ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்தவர்களுக்கும், மருந்தில் தொடங்கித் தேவைப்பட்டால் மட்டும் செய்துகொண்டவர்களுக்கும் மரணத்திலும் மாரடைப்பிலும் ஒட்டுமொத்த வேறுபாடு காணப்படவில்லை. வலி மிகுந்தவர்களுக்கு மட்டும் வலி குறைந்தது. இடது முதன்மைத் தமனியில் அடைப்பு உள்ளவர்களும் இதயம் மிகவும் பலவீனமானவர்களும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அவர்கள் கதை வேறு. மற்றவர்கள் ஓரிரு நாள் எண்ணிப்பார்க்கக் கேட்பதில் தவறில்லை.

தாராபுரத்திலிருந்து மூன்று எடுத்துக்காட்டுகள்

பின்வருவன கற்பனை நோயாளிகள். ஆனால் இப்பகுதியின் எந்தப் புறநோயாளி வரிசையிலும் காணக்கூடியவர்கள்.

நூற்பாலை மேற்பார்வையாளர், வயது 54, பத்தாண்டுச் சர்க்கரை, பீடிப் பழக்கம். மாடி ஏறினால் நெஞ்சு அடைத்து, நின்றால் இரண்டு நிமிடத்தில் விடுகிறது. இ.சி.ஜி. நார்மல். இவருக்கு வாய்ப்பு நடுத்தரத்துக்கு மேல். கிரியேட்டினின் சரியாக இருந்தால் சி.டி., இல்லையேல் ஸ்ட்ரெஸ் எக்கோ அல்லது அணு ஸ்கேன். சோதனை நாள் வரும்வரை சும்மா இருக்கக் கூடாது. ஆஸ்பிரின், ஸ்டாட்டின், நாக்கடி நைட்ரேட், துடிப்பைக் குறைக்கும் மாத்திரை ஆகியவற்றை மருத்துவர் அன்றே தொடங்கலாம். அந்தத் துடிப்பு மாத்திரை சி.டி. படத்தைத் தெளிவாக்கும், ஓட்டச் சோதனையிலோ நோயை மறைக்கும். எதற்குப் போகிறோம் என்பதைப் பொறுத்து அதைத் தொடர்வதா, நிறுத்துவதா என்று மருத்துவரே சொல்ல வேண்டும்.

பவர் டேபிளில் தைக்கும் பெண், வயது 32. இடது மார்பில் ஊசி குத்துவதுபோல் வலி, படபடப்பு, சோர்வு. ஹீமோகுளோபின் 8. இவருக்கு எந்த ஸ்கேனும் வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரை, மாதவிடாய் மிகையா என்ற விசாரணை, ஒரு மாதம் கழித்து மறுபார்வை. டிரெட்மில்லுக்கு அனுப்பினால் பொய்யான "பாசிட்டிவ்" வருவதற்கே வாய்ப்பு அதிகம்.

விவசாயி, வயது 68, ஆறாண்டுக்கு முன் ஸ்டென்ட், கிரியேட்டினின் 2.1. மீண்டும் நடந்தால் இறுக்கம். ஸ்டென்ட்டின் உலோகம் சி.டி. படத்தை மறைக்கும்; அயோடின் சிறுநீரகத்துக்குச் சுமை. மேலும் இவருக்கு நோய் உண்டென்பது தெரிந்த செய்தி. எங்கே ரத்தம் குறைகிறது என்பதே கேள்வி. ஸ்ட்ரெஸ் எக்கோவோ அணு ஸ்கேனோதான் அதற்கு விடை தரும்.

செலவு, பயணம், மறுசோதனை

வாரக்கூலியில் வாழும் பனியன் தொழிலாளிக்கு, கோவைப் பயணம் என்பது துணைக்கு வருபவரின் கூலியையும் சேர்த்த இழப்பு. இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர் தம் மருந்தகம் வழியாகப் பரிந்துரை பெற்றுச் செல்வது நல்லது. 2012இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இதயச் சிகிச்சைகள் இடம்பெற்றுள்ளன. ஆயினும் வெளிநோயாளியாக எடுக்கும் குறிப்பிட்ட ஒரு ஸ்கேனுக்கு அது பொருந்துமா என்பதை, புறப்படும் முன்பே மருத்துவமனையின் காப்பீட்டு உதவி மேசையில் கேட்டுக்கொள்ள வேண்டும். திருப்பூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுள்ளது. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நெடுங்காலமாக இப்பகுதியின் பெரிய அரசுப் புகலிடம். எங்கே சென்றாலும் பழைய இ.சி.ஜி.க்கள், மாத்திரைச் சீட்டு, கிரியேட்டினின் தாள், முந்தைய ஸ்டென்ட் அட்டை, சி.டி. எடுத்திருந்தால் அதன் குறுந்தகடு ஆகியவற்றை உடன் கொண்டு செல்ல வேண்டும். அறிக்கைத் தாள் மட்டும் போதாது. அடுத்த மருத்துவர் படத்தைத் தாமே பார்க்க விரும்புவார்.

தெளிவான சி.டி. ஆஞ்சியோகிராம் ஒன்று இருந்தால், வலியின் தன்மை மாறாதவரை இரண்டு ஆண்டுகளுக்கு மறுசோதனை தேவையில்லை என்றும், நார்மலான ஸ்ட்ரெஸ் சோதனைக்கு அக்காலம் ஓராண்டு என்றும் 2021ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டுதல் கூறுகிறது. தமனிகள் தெளிவாக இருந்தும் உண்மையான மார்பு நெரிப்பு தொடர்ந்தால், குறிப்பாகப் பெண்களிடம், படத்தில் தெரியாத நுண்தமனிகளின் கோளாறை எண்ண வேண்டும். அதற்கு மருந்து உண்டு. வலியே இல்லாதவர், "மாஸ்டர் செக்கப்" தொகுப்பில் சேர்ந்திருக்கிறது என்பதற்காக ஆண்டுதோறும் டிரெட்மில்லில் ஏறுவதற்குக் காரணம் ஏதும் இல்லை. அந்தப் பணத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளலாம்.